கல்லாவில் குறைந்தது

மார்ச் 6

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொழுது போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் கணக்கில் பணம் போட்டுவிட்டு, "அப்பா வேலை பார்த்த துணிக்கடையிலிருந்து வந்தது அக்கா, பாதி உனக்கு" என்றாய். நம்பினேன். முப்பது வருஷம் அந்தக் கடையில் நின்றே கால் வீங்கிய மனிதருக்கு, அவர் செத்து இரண்டு வருஷம் கழித்தாவது ஒரு தொகை கொடுக்கவேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியதே என்று மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என்ன பெருமை எனக்கு! அந்தப் பணத்தில்தான் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, பொதுக் குளியலறைக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்காமல் குளிக்கிறேன்.

நேற்று உன் மனைவி போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "ஐயோ அண்ணி, அது கடைக்காரன் தப்பாக் குடுத்த காசு. உங்க தம்பி சொல்லலையா?" அவள் தங்கை கல்யாணத்துக்கு அதே கடையில் நாற்பத்திரண்டாயிரத்துக்குத் துணி எடுத்தீர்களாம். அதில் மூவாயிரத்துக்கு இரண்டு உருப்படியைத் திருப்பிக் கொடுக்கப் போனாயாம். கல்லாவில் மொத்த பில்லுக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்களாம். துணி உன் அலமாரியில், பணம் உன் பையில்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறாய். அந்தப் பிள்ளையார் நான்!

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்தது யார்?

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் பட்டறையில் வைத்து, எரிந்துபோன மோட்டார் ஒன்றின் கம்பியைப் பிரித்துக்கொண்டே படித்தேன். எது அதிகம் புகைந்தது என்று தெரியவில்லை.

நான் திருடவில்லை. கொடுத்தார்கள், வாங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணியபோதுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். கடையிலிருந்து துணி வந்ததும் தரையில் விரித்து, பில்லில் ஒவ்வொரு உருப்படியாகப் பார்த்து, சரியாக இருப்பதைக் கோடு போட்டு அடிக்கவேண்டும் என்று அப்பா உயிரை வாங்குவார். என் மனைவியும் அதைப் பிடித்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளும் துணிகளையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டாள். திருப்ப வேண்டிய இரண்டை மட்டும் விட்டுவைத்தாள். கடையில் வழக்கம் தலைகீழ். திரும்பி வந்ததைத்தான் கோடு போட்டு அடிப்பார்கள். திருப்பும் பிரிவில் இருந்த பையன் மிச்சமிருந்த இரண்டையும் அடித்து, முத்திரை குத்தி நீட்டினான். கல்லாவில் இருந்தவள் பார்த்தாள், பில் முழுக்கக் கோடு. முழுப்பணத்தையும் எண்ணிக் கொடுத்தாள். இதில் நான் செய்தது என்ன?

சரி, தப்பாகவே வந்தது என்று வைத்துக்கொள். அப்பா கண் மங்கி வேலையை விட்டபோது அந்தக் கடைக்காரன் என்ன கொடுத்தான்? ஒரு சட்டைத் துணி. அதையும் தைத்துப் போட்டுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. ஊர் உழைப்பையெல்லாம் தின்றவன் ஏப்பம்கூட விடவில்லை, நமக்கு மட்டும் ஏன் நெஞ்சு எரியவேண்டும்? கடவுளாகப் பார்த்து வாங்கிக் கொடுத்த பாக்கி என்றுதான் நான் நினைத்தேன். முழுசையும் நானே வைத்துக்கொண்டேனா? உனக்குப் பாதி அனுப்பவில்லையா?

கல்லாவில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்கவில்லை. போதுமா, நீதிபதி அம்மா?

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

"நான் செய்தது என்ன" என்று கேட்கிறாய். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் செய்தது.

நீ கம்பி சுற்றுகிறவன், உனக்குக் கல்லாவைத் தெரியாது. ஒன்பது வருஷமாகக் கல்லாவில் உட்காருகிறவள் சொல்கிறேன், கேள். கடை மூடும்போது பணத்தையும் கணக்கையும் ஒப்பிடுவார்கள். கூடினால் அது முதலாளியுடையது. குறைந்தால் அது நம் சம்பளம். உலகத்தில் எல்லாக் கடையிலும் இதுதான் சட்டம். எங்கேயும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு தடவை குறைந்தது. உன்னிடம் சொன்னதில்லை. பெரிய தொகை இல்லை. ஆனால் மூன்று மாதம் சம்பளக் கவரை வாங்கும்போது கை கூசியது. பணம் போனதைவிட, பக்கத்தில் இருப்பவர்கள் என் கைப்பையை ஒரு பார்வை பார்ப்பார்களே, அது. வாங்கிக்கொண்டு போனவர் யார் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை மருந்துக்கு மாதாமாதம் வருகிறவர். அதற்குப் பிறகும் வந்தார், சிரித்தார், "நல்லா இருக்கியாம்மா" என்றார். நானும் நல்லா இருக்கேன் சார் என்றேன்.

அந்த முகம் உனக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அப்பா பாக்கி, அப்பா பாக்கி என்கிறாய். அப்பாவின் பிரிவில் ஒரு துணி காணாமல் போனால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்களே, மறந்துவிட்டாயா? அம்மா அந்த மாதங்களில் பால்காரனைக் கண்டு ஒளிவாள். அப்பாவிடம் பிடித்த அதே கைதான் இப்போது இந்தப் பெண்ணிடம் பிடிக்கிறது. நீ முதலாளியிடம் பாக்கி வசூலிக்கவில்லை. இன்னொரு அப்பாவிடம் வசூலித்திருக்கிறாய்.

கடைக்குப் போய் அந்தப் பெண் இருக்கிறாளா என்று பார். பணத்தைத் திருப்பிக் கொடு. என் பாதியை நான் எப்படியாவது அனுப்புகிறேன்.

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

போனேன். நீ சொன்னதற்காக ஒரு கைக்குட்டை வாங்குகிற சாக்கில் போனேன்.

அந்தக் கண்ணாடிக்காரி இருக்கிறாள். கல்லாவில் இல்லை. வாசல் பக்கம் பார்சல் கட்டும் மேசையில் நிற்கிறாள். அங்கே நாற்காலி கிடையாது. அப்பாவோடு வேலை செய்த போர்வைப் பிரிவுப் பெரியவர்தான் என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டுக் கதை சொன்னார். "பாவம்டா, கவனக்குறைவா இருந்து பெரிய தொகையை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டா. மாசாமாசம் பாதி சம்பளம் பிடிக்கிறாங்க. வீட்ல அம்மா வேற படுத்த படுக்கை." அவர் கை என் தோளில் இருந்தபடியேதான் இதைச் சொன்னார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே திறந்தேன். கைக்குட்டை விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீயே யோசித்துப் பார். பில்லில் கோடு போட்டது எங்கள் வீட்டில். அதைச் சொன்னால் வேண்டுமென்றே செய்தோம் என்றுதானே சொல்வார்கள்? இந்தக் கடைத்தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் மோட்டார் கொடுக்கிறார்கள். கடையைப் பூட்டாமல்கூட என்னை உள்ளே விட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒரு நாள் பேச்சு கிளம்பினால் போதும், நான் பட்டறையை மூடிவிட்டுப் பிழைப்பைத் தேடவேண்டியதுதான். பணமும் கையில் இல்லை. கம்பி சுற்றும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் பொறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தேன். கல்லாவிலேயே தெரிந்தது. அவள் இரண்டாவது நோட்டுக் கட்டை எடுத்தபோதே தெரிந்தது.

உனக்கு நியாயம் பேசுவது சுலபம். அப்பா கடைசியில் படுத்திருந்தபோது மலம் அள்ளியது நான். நீ வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவாய். வரும்போது பழம், போகும்போது அழுகை. அப்போது பாதி பாதி என்று நீ கேட்கவில்லையே?

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

பழமும் அழுகையும். சரி. அதை நீ இத்தனை நாள் நாக்குக்கு அடியில் வைத்திருந்தாயா? வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வரவேண்டியதுதான்.

உன் "கொஞ்ச நாள்" எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே முடித்துவிட்டேன். காதுத் தோட்டை விற்றேன். மீதிக்கு மருந்துக்கடை முதலாளியிடம் கடன். முப்பத்தொன்பதாயிரத்தையும் ஒரு கவரில் வைத்து, திங்கட்கிழமை பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. உன் தெரு முனையைத் தாண்டித்தான் போனேன், தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

துணிக்கடைச் சின்ன முதலாளி கண்ணாடி அறையில் இருந்தார். கவரை மேசைமேல் வைத்தேன். "சார், ஜனவரி மாசம் உங்க கல்லாவுல குறைஞ்ச பணம் இது. எண்ணிப் பாத்துக்குங்க" என்றேன்.

அவர் என்னையும் கவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க யாரும்மா? உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்றார்.

"அதைக் கேக்காதீங்க. கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு கல்லாவுல இருந்துச்சே, அதோட சம்பளத்துல இனிமே பிடிக்காதீங்க. பிடிச்சதையும் குடுத்துடுங்க. அது போதும்."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று கும்பிட்டார். அவ்வளவுதான். ஐந்து நிமிஷ வேலை. இதற்குத்தான் நீ மூன்று மாதம் பயந்தாய்.

பயப்படாதே. உன் பெயரை நான் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை, அப்பா பெயரையும் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. உன் பிழைப்பு பத்திரமாக இருக்கிறது. அப்பாவுக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காகவும் இல்லை, தம்பியைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை என்பதற்காகத்தான் சொல்லாமல் வந்தேன். இந்தப் பாசத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

இனி எனக்கு எழுதாதே. பணமும் அனுப்பாதே.

அக்கா

மே 19

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதவேண்டியிருக்கிறது.

நேற்று கடைத்தெருவில் போர்வைப் பிரிவுப் பெரியவரைப் பார்த்தேன். நானாகத்தான் பேச்சை எடுத்தேன், அந்தப் பெண்ணுக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளத்தான். பில் முழுக்கக் கோடு போட்டதற்கு அப்புறம் முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்த நாள் அது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவளா? வேலைய விட்டு அனுப்பியாச்சு. போன மாசம் யாரோ ஒரு அம்மா வந்து மொத்தப் பணத்தையும் வச்சுட்டுப் போச்சாம். பேரு சொல்லல, ஊரு சொல்லல. குறைஞ்ச தொகை சில்லறை மாறாம தெரிஞ்சிருக்கு, மாசம் தெரிஞ்சிருக்கு. அவ சம்பளத்தைப் பிடிக்காதீங்கன்னு சிபாரிசு வேற. முதலாளி என்ன காதுல பூ வச்சவரா? கல்லால கைய வச்சது இவதான், மாட்டிக்குவோம்னு பயந்து சொந்தக்காரிய விட்டுக் குடுத்திருக்கான்னு அன்னைக்கே அனுப்பிட்டாரு. அழுது பாத்தா. யாரு அந்த அம்மா சொல்லுன்னாங்க. எனக்குத் தெரியாதுன்னா. தெரியாதாம்!"

பிடித்த சம்பளத்தையும் கொடுக்கவில்லை அக்கா. திருடிக்கு எதற்குக் கொடுப்பார்கள்? உன் கவரும் அங்கே, அவள் சம்பளமும் அங்கே.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்று எழுதினால் நீ என்னைக் கொன்றுபோடுவாய். ஆனால் நீ என் பேச்சைக் கேட்டுப் பொறுத்திருந்தால், அவள் இன்றைக்கும் அந்தப் பார்சல் மேசையில் நின்றுகொண்டிருப்பாள். இதை எழுதும்போதே என்மேல் எனக்குக் கசக்கிறது. இருந்தாலும் அது உண்மைதானே?

என்ன செய்வது? நீயே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதேன். நீ எழுதினால் நன்றாக எழுதுவாய்.

தம்பி

மே 27

தம்பிக்கு,

கடிதம் எழுதவில்லை. மறுபடி பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பெயர், உன் பெயர், பட்டறை இருக்கும் இடம், கோடு போட்ட கதை, எல்லாம். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். பயந்துகொள், இப்போது பயப்படலாம்.

முதலாளி முழுசாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "போன தடவை வாயே திறக்கல. இப்ப ஒரு தம்பி வந்துட்டாரு. அடுத்த தடவை யாரு வருவாங்க, மாமாவா? பணம் வாங்குனவர் நேர்ல வரட்டும்மா. என் ஆளுங்க முன்னாடி நின்னு நான்தான் வாங்குனேன்னு சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, நான் பாவத்தைத் தொலைக்கிறேன் என்று பழியைக் கொண்டுபோய் அவள் தலையில் கொட்டியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் பெரிய மனுஷத்தனம் என்று உனக்கு வேறு பீற்றிக்கொண்டு எழுதினேன்.

போர்வைப் பிரிவுப் பெரியவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலில் அவள் அம்மா. என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. அந்த அம்மாவுக்கும் நான் யார் என்று புரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிடித்த சம்பளத்தை மாதாமாதம் நான் கட்டுகிறேன் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை.

"முன்னாடி நான் கவனமில்லாதவக்கா. அதுக்கு விலை இவ்வளவுன்னு தெரியும், கட்டிக்கிட்டிருந்தேன். இன்னும் எட்டு மாசத்துல முடிஞ்சிருக்கும். இப்ப நான் திருடி. இதை எந்தக் கணக்குல கட்டறது? நாலு கடையில வேலை கேட்டேன். எனக்கு முன்னாடி என் பேரு போய் உக்காந்திருக்கு."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"உங்க தம்பி வருவாரா?"

வருவான் என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். நீ என்ன செய்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு என் வாயில் வேறு பதில் வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கு நானும் அவளும் வாசலில் நிற்போம். நீ வா. மூன்று பேரும் உள்ளே போவோம். நீ ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உன் பட்டறை போனால் நாம் இருவரும் சேர்ந்து எதையாவது செய்து பிழைக்கலாம், என் வீட்டில் ஒரு அறை உனக்கு உண்டு. அந்த வீடே நீ அனுப்பிய பணத்தில்தானே வந்தது.

வந்துவிடு, டேய்.

அக்கா

ஜூன் 5

அக்கா,

வியாழக்கிழமை நான் வந்தேன்.

கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டேன். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, அதன் போர்டுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வரலாம் என்று நின்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றீர்கள். அவள் அந்தக் கடையின் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் போர்டுக்குப் பின்னால் இன்னும் ஓரடி தள்ளி நின்றேன். போர்வைப் பிரிவுப் பெரியவர் ஷட்டரைத் தூக்கினார். எனக்கு வேலை கொடுக்கும் இரண்டு கடைக்காரர்கள் பக்கத்தில் தங்கள் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். போனார்கள். அப்புறம் வேறு யாரோ வந்தார்கள். வெயில் ஏறியது. நீ பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாய்.

அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

அன்றைக்குப் பணம் கொடுத்தபோது முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்கவில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். பார்த்திருக்கிறாள். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். கூப்பிடவில்லை. கையைக் காட்டவில்லை. உன் தோளைத் தொட்டு, இதோ நிற்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தெருவைக் கடப்பேனா என்று மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன்னிடம் ஏதோ சொன்னாள், நீ தலையை ஆட்டினாய், உன் பையை அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தீர்கள்.

நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நீ திரும்பினாய். நான் போர்டுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டேன்.

பஸ் ஏறும்போதும் அவள் என்னைப் பார்த்ததாக உன்னிடம் சொல்லவில்லை, இல்லையா அக்கா?

தம்பி